விடுப்பு தராத வெர்னன்

“ஆலிவ் வேணாம் வேணாம்னு சொல்லிட்டு, டப்பாவையே காலி பண்ணினது நீதானடா! வர்றப்ப இன்னொண்ணு வாங்கிட்டு வா.”

அம்மா தன்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான் என்றான் கர்ட்டிஸ். அன்று மாலையே மாரடைப்பில் அவள் போய்விட்டாள்.

காணொளி அழைப்பில், கணினித் திரையின் மறுபாதியில் இருந்த முதலாளி வெர்னன் தலையைக் குனிந்துகொண்டார். டர்லாக் ஊரில் லாரி ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடை அவருடையது. கர்ட்டிஸ் கொடுத்த புகாருக்காக இருவருக்கும் நடுவே பேசிக்கொண்டிருந்தவள் யோலாண்டா, கலிஃபோர்னியா மாநில அரசின் சமரச அதிகாரி.

“வீட்ல சாவு விழுந்தா அஞ்சு நாள் லீவு குடுத்தே ஆகணும், அதான் சட்டம். ஏன் சார் குடுக்கல?”

“வாசல்ல மூணு லாரி நிக்குது மேடம். ரேடியேட்டர் துக்கம் அனுசரிக்குமா?”

“பாத்தீங்களா? எப்பவும் இப்படித்தான்!” என்று கொதித்தான் கர்ட்டிஸ். “அடக்கம் முடிஞ்ச மறுநாளே வேலைக்கு வரச் சொன்னாரு.”

“ஏன், நான் வரலையா? நான் ஒரு நாளாவது லீவு போட்டேனா?”

“உங்க கடை, நீங்க வருவீங்க,” என்றாள் யோலாண்டா, சற்றுக் கடுமையாகவே. “அம்மாவைப் பறிகொடுத்தது அவரு.”

வெர்னன் கையில் மாட்டியிருந்த வேலைக் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“ரீனோ ஊர்ல சித்தி வீட்டுக்குப் போறேன் மேடம்,” என்றான் கர்ட்டிஸ். “ஒரு மூலைல உக்காந்து அழணும். அவ்வளவுதான்.”

அவனைச் சிறிது நேரம் இணைப்பிலிருந்து விலகியிருக்கச் சொல்லிவிட்டு, வெர்னனிடம் தனியாகப் பேசினாள் யோலாண்டா.

“ஒத்துக்கலைன்னா இது வழக்காயிடும் சார்.”

“ஒத்துக்கறேன். அஞ்சு நாளும் போகட்டும். லீவு முடிஞ்சதும் திரும்பி வரணும்னு மட்டும் சேத்து எழுதுங்க.”

“அப்படியெல்லாம் எழுத முடியாது. வேலைய விடணும்னா விடலாம், அது அவரு உரிமை.”

“அப்ப வரமாட்டான்.”

“போனா போகட்டும், விடுங்க. லாரிக்கு வேற ஆள் கிடைக்காமலா போகும்?”

“லாரிய விடுங்க மேடம். அவனை நான் வேற எங்க போய்ப் பாக்கறது? லொரேன் இருந்தவரைக்கும் ஞாயித்துக்கிழமையானா வீட்டுக்குச் சாப்பிட வருவான். இப்ப இந்தக் கடைய விட்டா வேற எதுவும் இல்ல.”

“லொரேன் யாரு?”

“என் பொண்டாட்டி. அவனோட அம்மா.” கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் பெத்தவன் இல்ல. ஆனா ஸ்கூல் பையோட என் வீட்டுக்கு வந்தவன் மேடம். புகார்ல என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கான்?”

யோலாண்டா புகார்த் தாளைப் பார்த்தாள்.

“முதலாளின்னு.”