பக்கம் முழுக்க ஒரு புலி

அட்டைப்பெட்டிக்குள் கிடந்த பழைய கதைப்புத்தகத்துக்கு, வெளியே பேசுவது நன்றாகவே கேட்டது. சபேசன் தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல என் உசுரே அந்தப் புத்தகம்தான்மா. பக்கம் முழுக்க ஒரு புலி. வாயைத் திறந்தா குகை மாதிரி இருக்கும். நான் போர்வைக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவேன். அது மட்டும் கிடைச்சாப் போதும், மத்ததை எல்லாம் எடைக்குப் போட்டுடலாம்."

புத்தகத்தின் அட்டை வெடவெடத்தது. "டேய் புலி, கேட்டியா? அன்னைக்கு நம்மைப் படிச்ச பையன்தான் இவர், உன்னைத்தான் தேடுறார்."

உள்ளே ஒரு பக்கத்தின் மூலையில், புளியங்கொட்டை அளவு புலி விழித்துக்கொண்டது. "என்னையா? எனக்கு வாயே வரையலையே அண்ணே. மூக்குக்குக் கீழ ஒரு கோடுதான் இருக்கு."

"அதை வச்சு எப்படியாவது உறுமு."

"உம்" என்றது புலி. கொசுகூட நகர்ந்திருக்காது.

"மூச்சை இழுத்து உடம்பை உப்புடா. எடைக்குப் போனா ரெண்டு பேரும் கூழ்தான்."

புலி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெட்டி திறந்தது. சபேசன் பக்கங்களைப் புரட்டி, புலியை உற்றுப் பார்த்தார். புலிக்கு மீசையெல்லாம் வேர்த்தது.

"இதாப்பா?" என்றாள் மகள்.

"சேச்சே, இது ஏதோ பூனைக் கதை." புத்தகத்தை எடைக்குப் போகிற சாக்கில் போட்டுவிட்டு, அடுத்த பெட்டியை இழுத்தார்.

சாக்குக்குள் ஒரே இருட்டு. வெளியே அவர் குரல் மட்டும் கேட்டது. "அந்தப் புலி இருக்கே, ரெண்டு பக்கத்துக்கும் பரந்து நிக்கும்மா."

"அண்ணே," என்றது புலி மெல்ல, "யாருண்ணே அது? எனக்கே பயமா இருக்கு."