மெஷின் மேல் சந்தேகம்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கேக் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, இடது கால் பெருவிரலை நறுக்கென்று கிள்ளினார். வலித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவருக்கு உடனே அடுத்த சந்தேகம் வந்து, பக்கத்து விரலையும் கிள்ளிப் பார்த்தார்.

"என்னங்க இது, நாலு பேர் பார்க்கிறாங்க!" மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"பார்த்தா பார்க்கட்டும். எங்கப்பாவுக்கும் முதல்ல விரல்தான் மரத்துப்போச்சு. அப்புறம் பாதம். அப்புறம்..." முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத அப்பாவைப் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். அந்தப் பாழாய்ப்போன சர்க்கரை இப்போது தன்னையும் தேடி வந்துவிட்டதே என்று மூன்றாவது விரலையும் கிள்ளினார்.

மனுஷன் சாதாரணமாக இப்படி ஒடுங்கி உட்காருகிற ஆளே இல்லை. பேக்கரியில் மூன்றடுக்கு கேக்குக்கு ஐசிங் பூசிக்கொண்டே கடை முழுவதையும் சிரிக்கவைப்பார். போன வாரம் அடுப்புக்கு முன்னால் லேசாகத் தலை சுற்றியதும், அந்தச் சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அன்றைக்கே மருந்துக்கடையில் சர்க்கரை பார்க்கிற மெஷினை வாங்கினார். வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் வேலைக்குக் கிளம்புவது விடிவதற்கு முன்னால். அதனால் மெஷினைப் பையில் போட்டுக் கொண்டுபோய், முதல் கேக்கை முடித்த சூட்டோடு ஏப்ரனில் விரலைத் துடைத்துக்கொண்டு, டீ குடிப்பதற்கு முன் குத்திப் பார்த்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு! மறுநாள் அதற்கும் மேலே.

சாப்பாட்டைப் பாதியாக்கினார். டீயில் சர்க்கரையை நிறுத்தினார். ருசி பார்க்கக்கூட கேக்கை நாக்கில் வைக்கவில்லை. மெஷின் மசியவே இல்லை.

"நான் போயிட்டா நீ என்ன பண்ணுவே?" என்றார் மனைவியிடம்.

"முதல்ல வாயைக் கழுவுங்க!" என்று அதட்டியவள், கையிலிருந்த பாட்டிலைக் கவிழ்த்து மடமடவென்று குடித்து முடித்தாள். "பயத்துல நாக்கு ஒட்டிக்குதுங்க. இருங்க, தண்ணி பிடிச்சிட்டு வரேன்."

தண்ணீர் பிடிக்கப் போனவள் அப்படியே பாத்ரூமுக்கும் போய்விட்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து இதே நடைதான். எனக்காக இவள் எப்படித் தவிக்கிறாள் பாரேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"எனக்கென்னவோ மெஷின் மேலதாங்க சந்தேகம். தப்பாக் காட்டுது" என்றாள். நேற்று சாயங்காலத்திலிருந்து இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கூப்பிட்டதும் மாஸ்டர் மனைவியோடு எழுந்து போய், மெஷினை மேஜைமேல் வைத்தார். "சிஸ்டர், எங்கப்பாவுக்குச் சர்க்கரையிலதான் காலை எடுத்தாங்க. எனக்கும் எடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. மனசைத் தயார் பண்ணிக்கிறேன்."

"காலா? நீங்க முதல்ல விரலை நீட்டுங்கய்யா." விரலைப் பிடித்த நர்ஸ், அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெனிலா வாசனை கமகமத்தது. நகக்கண்ணில் வெள்ளைத் தூள். "என்ன வேலை பார்க்கிறீங்க?"

"கேக் மாஸ்டர். வேலையிலேருந்து நேரா வரேன். இன்னும் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை. போன வாரம் அடுப்பு முன்னால தலைகூடச் சுத்திச்சு."

"இந்தக் கையோடதான் தினமும் குத்திப் பார்த்தீங்களா?"

"ஏப்ரன்ல துடைச்சிட்டுத்தான் பார்ப்பேன்."

"நல்லாத் துடைச்சீங்க போங்க! சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போக ஒத்திட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தார். விரலில் ஊசி இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்பாவின் கட்டில்தான் கண்ணுக்குள் வந்தது.

"கண்ணைத் திறங்கய்யா. எங்க மெஷின்ல தொண்ணூத்தெட்டு. உங்க மெஷின்ல நூறு." நர்ஸ் சிரித்தாள். "சர்க்கரை ரத்தத்துல இல்லை, உங்க விரல்லதான் இருந்திருக்கு. துளி ஐசிங் சர்க்கரை ஒட்டியிருந்தாலும் போதும், மெஷின் அதையும் சேர்த்துக் காட்டிடும். வெறும் வயித்தோட அடுப்பு முன்னால நின்னா தலை சுத்தத்தான் செய்யும். அப்பாவுக்கு இருந்ததால நீங்க வருஷாவருஷம் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கணும், நடக்கணும். மத்தபடி உங்க காலு உங்களுக்குத்தான்."

மாஸ்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நர்ஸைக் கையெடுத்துக் கும்பிட்டார். "கேட்டியாம்மா! விரல்ல இருந்துச்சாம்! நான் என்னடான்னா உசுரே போயிட்ட மாதிரி..."

மனைவி சிரிக்கவில்லை.

"அப்போ மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?" என்றாள்.

"இல்லவே இல்லைக்கா. ரெண்டும் ஒண்ணுபோலத்தானே காட்டுது? கை சுத்தமா இருந்தா இது சரியாத்தான் சொல்லும்."

அவள் பாட்டிலை எடுத்தாள். காலி. அதைக் கீழே வைத்தாள். மடக்கியே வைத்திருந்த ஆள்காட்டி விரலை மெதுவாக நர்ஸிடம் நீட்டினாள். நுனியில் ஊசி குத்திய கரும்புள்ளி.

"நேத்து எனக்கும் நானூறுதாங்க காட்டுச்சு... நான் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் குத்திப் பார்த்தேன்."