கட்டாரா, ஹார்ட்வெயாரா, டிப்ளோமாவா?

"ராத்தா, எனக்கு டிப்ளோமா சரிவருமா? மஃரிபுத் தொழுகைக்கு முதல் வாப்பாக்குப் பதில் சொல்லணும்!"

பக்கத்து வீட்டு அம்ஹா மூச்சிரைக்க வந்து இப்படிக் கேட்டதும் சுல்பிகா டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. திருத்திக்கொண்டிருந்த கணக்குக் கொப்பியை அப்படியே மேசையில் போட்டார். சாய்ந்தமருதில் "டீச்சர்" என்று சத்தமாகக் கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மீதிப் பாதி "சேர்" என்றால் திரும்புகிற ஆண் வாத்திமார். அப்படியிருந்தும், ஊரில் இன்னும் டீச்சராகாமல் கிடக்கிற பிள்ளைகளை நினைத்துத் தூக்கம் கெட்டவர் சுல்பிகா.

"இருகா! முதல்ல இரு! இந்தா, தேத்தண்ணியக் குடி. இப்ப ஒழுங்காச் சொல்லு."

"வீட்டில ஒரு கிழமையா மூணு கதை நடக்குது ராத்தா. ஒண்டு கட்டார். ஒண்டு ஹார்ட்வெயார். மத்தது டிப்ளோமா. உன்ட விருப்பம், நீயே சொல்லு எண்டுட்டார் வாப்பா. ஒருக்கா ஓமெண்டா மறுகா காலம் முழுக்க அதோடதானே? நினைச்சாலே நெஞ்சு அடிக்குது!"

"கட்டாரா? அந்த வெயிலுக்கா? கோழி முட்டை இட்டா முட்டையும் அவிஞ்சு கோழியும் அவிஞ்சிருமாம் அங்க!"

"உடன போறல்ல ராத்தா. ரெண்டு வருஷத்துக்குப் பிறகுதான் விசாவாம்."

"ரெண்டு வருஷமா விசாவப் பார்த்துக் குந்திக்கொண்டு இருக்கப் போறியா? விடு அத. ஹார்ட்வெயார் என்னவாம்?"

"காசு புழங்கும். ஆனா விடிஞ்சாலும் கடை, பொழுதுபட்டாலும் கடைதானாம்."

"சீமெந்துத் தூசிக்குள்ளயா உன்ட வாழ்க்கை? அதையும் விடு. டிப்ளோமா எப்படி? பார்த்தியா?"

கேட்கும்போதே டீச்சரின் மனக்கண்ணில் டீச்சர் டிப்ளோமா கொடுக்கிற கல்வியியற் கல்லூரியின் பெரிய கேற் திறந்துவிட்டது.

"போட்டோவிலதான் பார்த்தன். நல்ல உயரம். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் வெட்டையாக் கிடக்கு."

"கிடக்கட்டும் கா! நாலு மரத்த நட்டாச் சரி!"

அம்ஹா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகம் கொஞ்சம் மாறியது.

"முதல் நியமனம் கஷ்டப் பிரதேசத்துக்குத்தான் போடுவாங்களாமே?"

"போட்டா என்ன? எனக்குப் பொத்துவிலுக்கும் அங்கால போட்டாங்க. நான் போக முதலே யானை போய்ப் பள்ளிக்கூடக் கேற்றடியில நிக்கும். பிரின்சிபல் அதுக்கும் வரவு போட்டிருப்பார்!"

"டீச்சர்மார் வீட்டிலயும் சத்தம் போடுவாங்களாமே?"

"ஆர் சொன்ன? நான் சத்தம் போடுறனா?"

நாலு வளவு தள்ளித் தென்னையில் இருந்த காகம் எழும்பி மருதமுனைப் பக்கம் பறந்தது. வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த கணவர் சரீப், "இல்ல டீச்சர்!" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"பின்னேரத்திலயும் கொப்பி கொப்பி எண்டு இருப்பாங்களாமே ராத்தா?"

"கொஞ்சம் இருக்கும். அதுக்கு லீவப் பாரன்! நோன்பு மாசம் முழுக்க வீட்டிலதான்!"

"முழு மாசமுமா?" அம்ஹாவின் முகம் செம்பரத்தம் பூவாகிவிட்டது.

"பின்ன! அந்த ருசியிலதானே நானும் ஒண்டோட நிக்காம ரெண்டாவது டிப்ளோமாவும் எடுத்தன்."

அம்ஹாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"ரெண்டா? மச்சான் ஒண்டும் சொல்லல்லயா?"

"அவர் என்ன சொல்றது? அவர்தானே மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய் விட்டவர்!"

அம்ஹா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. குலுங்கி முடிந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ராத்தா, ஒண்டுதான் எனக்குப் பயம். இந்த அடிக்கிறதெல்லாம்…?"

டீச்சரும் குரலைத் தாழ்த்தினார். அந்த வீட்டுச் சுவர்கள் அப்படியொரு குரலைக் கேட்டதே இல்லை.

"இப்ப அடிக்க ஏலாது புள்ள, சட்டம் இருக்கு. சட்டம் இல்லாட்டியும் நல்ல டீச்சர் கை நீட்டமாட்டார். விளங்காத கணக்க விளங்குற வரைக்கும் சொல்லிக் குடுப்பம். விளங்கிட்டு எண்டு ஒரு புள்ளட முகம் மலரும் பாரு, அதுக்காக எவ்வளவு நேரமும் காத்திருப்பம். அப்படிக் காத்திருக்கத் தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் இந்த டிப்ளோமா."

"அப்ப, பொறுமையான ஆக்கள் எண்டு சொல்றீங்க?"

"ஓம் கா! பொறுமை இல்லாட்டி ஒரு பாடம் தாங்க ஏலுமா?"

அம்ஹா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் வேணாமெண்டா அக்கரைப்பற்றில ஒரு ஆள் ரெடியா நிக்கிறாவாம்."

"குடுத்திராத! உனக்கு வந்தத ஏன் அடுத்தவக்குக் குடுக்கிற?"

அவ்வளவுதான். அம்ஹா துள்ளி எழுந்தாள். ஒரே ஓட்டமாகப் பின்மதிலடிக்குப் போய், கல்முனைச் சந்தைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "உம்மா! டிப்ளோமாவுக்கு ஓமெண்டு சொல்லுங்க!"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ சட்டி விழுந்து உருண்டது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அம்ஹாவின் உம்மா பாத்தும்மாவின் குரல் வந்தது.

சுல்பிகா டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பிள்ளையை டீச்சராக்கிவிட்ட பெருமையில் செருப்பையும் மறந்து மதிலடிக்கு ஓடினார்.

"பாத்தும்மா மாமி, இனி நீங்க யாரும் இவளத் தடுக்கப்படாது! அப்ளிகேஷன் போம் நிரப்புறதில இருந்து முடியும் மட்டும் நான் இவளோட நிப்பன்!"

பாத்தும்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"நாங்க ஏன் டீச்சர் தடுக்கிற? மூணு போட்டோவையும் முன்னால வெச்சு, ஒண்டச் சொல்லு புள்ள எண்டு ஒரு கிழமையாக் கெஞ்சினம். கட்டார் மாப்பிளையும் வேணாம், ஹார்ட்வெயார் மாப்பிளையும் வேணாம், டிப்ளோமா மாப்பிளைதான் எண்டு உங்களாலதானே இப்ப வாயத் திறந்திருக்கிறாள்!"