மருதாணி இல்லாத விரல்

ஜன்னல் வெயிலில் ஜுஹைனா இரண்டு கைகளையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். குற்றாலத்து அருவியே நூலாக இறங்கும் சித்திரை. நாளைக்கு ஓட்டு, மறுநாள் தங்கச்சி நிக்காஹ். மற்ற விரல்களிலெல்லாம் மருதாணிக் கொடி படர்ந்திருக்க, இடதுகை ஆட்காட்டி விரல் மட்டும் வெறுமையாக, சாப்பாடு பரிமாற மறந்த விருந்தாளியைப் போல நிற்கிறது. மருதாணி வைத்த விரலில் மை பிடிக்காது, ஓட்டுப் போட விடமாட்டார்கள் என்று குடும்ப குரூப்பில் வந்த செய்திதான் காரணம். அனுப்பியவன் அவள் புருஷன் சலீம். துபாயில் இருந்தபடியே நாட்டைக் காப்பாற்றிய பழக்கம், லீவில் வந்தும் அவனை விடவில்லை. "யாரு மச்சான் உங்களுக்குச் சொன்னா?" "பல முறை அனுப்பப்பட்டதுன்னு மேலயே போட்டிருந்துச்சுட்டி." "அதான் சர்டிபிகேட்டாக்கும்? தேர்தல் ஆபீஸ் நம்பர் 1950க்குப் போடுங்க, எனக்குக் கை ஈரமா இருக்கு." ஜன்னல் திட்டில் வைத்த போனிலிருந்து ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொல்கிறது: "மருதாணியால ஒண்ணும் இல்ல சார். லிஸ்ட்ல பேரு இருக்கணும், அடையாள அட்டை கொண்டு போங்க, அவ்வளவுதான்." சலீம் தனக்கு முன்பே தெரிந்ததுபோல் தலையாட்டுகிறான். ஜுஹைனா முழங்கையால் மருதாணிக் கோனை அவன் பக்கம் தள்ளி, விரலை நீட்டுகிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் பிதுக்குகிறான். ரோஜாவாகத் தொடங்கியது முட்டைக்கோஸாக முடிகிறது. அவள் அதை வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "நல்லாத்தான் இருக்கு. போட்டோ எடுத்து குரூப்புல போடுங்க. வச்சாலும் ஓட்டுப் போடலாம், விசாரிச்சாச்சுன்னு எழுதுங்க." சலீம் எழுதுகிறான். அனுப்புவதற்கு முன், வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொரு தரம் படித்துப் பார்க்கிறான்.