கயிற்றுக்கு அந்தப் பக்கம்

“அம்மா, அதைத் தொடாதீங்க! அது கலைப்படைப்பு!”

“எது? இந்த ஈரத் துண்டா?”

காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கண்காட்சி. தலைப்பு, ‘வீடு’. கூடத்தின் நடுவே மஞ்சள் கயிறு கட்டி, அதற்குள் ஒரு படுக்கையறையையே கொண்டுவந்து வைத்திருந்தார் ஓவியர். கசங்கிய விரிப்போடு ஒரு கட்டில், அதன்மேல் துண்டு, கழுவாத காபிக் கோப்பைகள், ஒற்றைக் காலுறை, ஒரு நாற்காலி, வாடிப்போன ஒரு செடி. துண்டு காய்ந்துவிடாமல் தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பதுகூடக் காவலாளியின் வேலைதான்.

ஒன்பது நாளும் வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். தாடிக்காரர் ஒருவர் அந்தக் காலுறை முன்னால் அரை மணி நேரம் நின்று, ‘மனித குலத்தின் தனிமை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசி நாளான இன்று, கைப்பையும் குடையுமாக வந்த இந்தப் பெண்மணி கயிற்றை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார்.

“மெத்தையில ஈரத் துண்டைப் போட்டா நாத்தம் அடிக்காது? இதுக்குப் பேர் கலையா?”

“மெதுவாப் பேசுங்கம்மா! செஞ்சவரு அதோ, தூண்கிட்டதான் நிக்கிறாரு.”

“அவருக்குக் கேக்கட்டும்னுதான் பேசறேன்!”

ஓவியர் முதல் நாளிலிருந்தே அந்தத் தூணை விட்டு நகரவில்லை. யார் பாராட்டினாலும் காதில் வாங்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய புள்ளி யாரோ வரப்போகிறார் என்று காவலாளி நினைத்திருந்தார்.

“கோப்பையில பூஞ்சை பிடிச்சிருக்கு. செடிக்கு ஒரு வாய் தண்ணி ஊத்த நாதியில்லை. இதுக்கு வீடுன்னு போர்டு வேற!”

சொல்லிக்கொண்டே அந்தப் பெண்மணி துண்டை உதறி நாற்காலி முதுகில் விரித்தார். விரிப்பை இழுத்துச் செருகினார். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

“இதோட ஜோடி இங்கதான் கிடக்கும்” என்று கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, இன்னொரு காலுறையை வெளியே எடுத்தார். மனித குலத்தின் தனிமை அந்த நிமிடமே தீர்ந்தது.

“என் வேலைக்கு உலை வச்சிட்டாங்களே!” காவலாளி ஓவியரிடம் ஓடினார். “மன்னிச்சிடுங்க சார். இதோ, அவங்களைப் பிடிச்சு வெளிய அனுப்பிடறேன்.”

ஓவியர் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

“கிட்டயே போகாதீங்க!”

“ஒம்பது நாளா ஒரு தூசிகூட நகராமப் பாத்துக்கிட்டேன் சார். எல்லாத்தையும் புரட்டிப் போட்டுட்டாங்க. நீங்க என்னடான்னா சும்மா நிக்கிறீங்க!”

“புண்ணியமாப் போகும், சத்தம் போடாதீங்க. கோவிச்சுக்கிட்டுப் போன என் பெண்டாட்டி மூணு மாசம் கழிச்சு இப்பதான் வந்திருக்கா. திரும்பவும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டான்னா, இன்னொரு கண்காட்சி வைக்க எனக்குத் தெம்பில்லை!”