விசாரணைக்கு வந்த விமானம்

ஒரு மொட்டைமாடியில் சோலார் பலகை ஒன்று இருந்தது. கொஞ்ச நாளாக அதன் தலைக்கு மேலே புகை வந்து படுத்துக்கொண்டதால் வெயில் சரியாகக் கிடைக்கவில்லை. வீட்டில் மின்விசிறி திணறித் திணறிச் சுற்றியது. "சோம்பேறிப் பலகை, கழட்டி வீசிடப் போறேன்" என்று வீட்டுக்காரர் திட்டுவது அதன் காதில் விழுந்தது.

பலகை நடுங்கிப் போனது. காற்று மாசை அளக்க அந்தப் பக்கம் பறந்த ஆய்வு விமானத்தைக் கூப்பிட்டு அழுதது.

"அண்ணே, தப்பு என்மேல இல்ல. எல்லாம் அந்தப் புகையாலதான்."

"கவலைப்படாதே தம்பி, விசாரிச்சுடலாம்."

விமானம் மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு புகைக்குள் நுழைந்தது. எந்த ஊர், என்ன நிறம், எவ்வளவு எடை என்று மரியாதையாகக் கேட்டது.

புகைக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுவரைக்கும் என்னை யாருமே இப்படி விசாரிச்சதில்லை!" என்று சொல்லி, செங்கல் சூளையிலும் லாரிகளிலும் இருந்த சொந்தக்காரர்களை எல்லாம் வரவழைத்தது. நண்பகலிலேயே இருட்டிவிட்டது.

அப்போது கடற்காற்று வந்தது. பலகைக்கு உயிர் வந்தது. "அக்கா, இதை ஊதித் தள்ளுங்க!"

விமானம் குறுக்கே பாய்ந்தது. "ஐயோ, கலைச்சுடாதீங்க! விசாரணை பாதியில நிக்குது."

"மன்னிச்சுக்கோங்க, தெரியாம வந்துட்டேன்" என்று காற்று நுனிக்காலில் திரும்பிப் போனது.

வீட்டுக்காரர் ஸ்பேனரோடு மாடியேறி வந்தார். அவர் கடைசி போல்ட்டைக் கழற்றும்போது மேலேயிருந்து விமானம் சந்தோஷமாகக் கத்தியது:

"தம்பி, நீ நிரபராதி! சந்தேகமே இல்ல!"