இன்னொரு சுற்று

நாளைக் காலைப் பந்தயத்திலும் தோற்றால் ஜோடியைப் பிரித்து விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் வண்டிக்காரர். மயிலைக் காளை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. செவலைக் காளையோ, பயிற்சி முடிந்து வந்தும் படுக்காமல் தொழுவத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு ராத்திரியா தூக்கமில்ல மச்சான். இன்னும் ஓடினாத்தான் உடம்பு அசந்து தூக்கம் வரும்" என்றது செவலை.

"முந்தாநாளும் இதையேதான் சொன்னே. படபடன்னு அடிக்கிற நெஞ்சு அடங்காம தூக்கம் எப்படி வரும்? மெதுவா நட, தண்ணி குடி, படுத்து அசைபோடு."

"சோம்பேறியா கிடக்கச் சொல்றியா?"

"உழைக்கிறேன்னு நம்ம ரெண்டு பேரையும் பிரிக்கப் பார்க்காதேங்கறேன்."

செவலை முறைத்தது. ஆனாலும் நடையைத் தளர்த்தியது, தண்ணீர் குடித்தது, படுத்தது.

மயிலை விடவில்லை. "நேத்தே கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்ததும், பதில் சொல்லச் செவலை விருட்டென்று எழுந்துவிட்டது. அதன் விலா மறுபடி வேகமாக ஏறி இறங்குவதை மயிலை பார்த்தது.

மயிலையின் வாயில் இன்னும் மூன்று வாதங்கள் தயாராக இருந்தன, மூன்றும் நியாயமானவை.

"சரி, நீ சொன்னதுதான் சரி" என்று மயிலை பொய் சொல்லிவிட்டு, வாய் நிறைய வைக்கோலை அடைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால், செவலை மெதுவாக அசைபோடும் சத்தம் கேட்டது.